பேசிக்கொண்டே நடக்கவும்

நூற்றுப் பன்னிரண்டாவது அடியை வைத்துவிட்டு அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியபோது, மீரா உசேனின் முழங்கையை உரசிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

“ஏறுங்க பாய்,” என்றார் நடராசன். தேங்காய் வியாபாரி. மூன்று தெரு தள்ளி வீடு.

“இல்ல நடராசன், நீங்க போங்க. நான் நடக்கத்தான் வந்தேன்.”

“அதான் தெரியுதே, நடந்து வர்றீங்கன்னு. எங்க போகணும்?”

“எங்கயும் இல்ல.”

“எங்கயும் போகாததுக்கு எதுக்கு நடக்கணும்?”

மீரா உசேன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டடி பின்னால் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆமினாவும் நின்றுவிட்டாள். நடராசனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

“நம்ம வண்டியில ஏறக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே?”

முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஒருவர் நடந்து போவதைப் பார்த்தும் நிறுத்தாமல் போனால், வண்டிக்காரருக்கு அன்று சோறு இறங்காது. நிறுத்திய பிறகும் அவர் ஏற மறுத்தால், மூன்று நாளைக்கு இறங்காது. இருபத்து நாலு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்த மனுஷருக்கு இது மறந்து போயிருந்தது. இப்போது நினைவுக்கு வந்தது. ஏறி உட்கார்ந்தார்.

“அம்மா மெதுவா வரட்டும்,” என்று சொல்லிவிட்டு நடராசன் கிளப்பினார். ஆலங்கரை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதோடு நிற்கவில்லை. டீயும் வாங்கிக் கொடுத்தார். “பாய்க்குச் சர்க்கரை தூக்கலாப் போடு” என்று கடைக்காரரிடம் உரிமையோடு சொன்னார். மீரா உசேன் அந்த டீயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அப்புறம் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்.

ஆமினா முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள்.

“எவ்வளவு தூரம் நடந்தீங்க?”

“நூத்திப் பன்னெண்டு அடி.”

விஷயம் இதுதான். அவர் நடந்தே ஆக வேண்டும். நடக்காவிட்டால் கால் போய்விடும்.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் மீரா உசேன் நிரந்தரமாக ஊர் திரும்பினார். கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு கைகுலுக்கலும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் வேலை பார்த்த இடத்திலேயே மகன் அப்சர் சேர்ந்தாகிவிட்டது. மகள் பர்வினைப் பட்டுக்கோட்டையில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு வாரம் விருந்தாளிகள் வந்து போனார்கள். அதற்குப் பிறகு நூர் நகரில் கட்டியிருந்த அந்தப் புது வீட்டில் மிச்சம் இருந்தது அவரும் ஆமினாவும்தான்.

அப்போதுதான் தெரிந்தது, இருவருக்கும் பேச வரவில்லை.

சண்டை எதுவும் கிடையாது. இருபத்து நாலு வருஷத்தில் அவர் லீவில் வந்தது பன்னிரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மாசம். மற்ற காலமெல்லாம் அவர்கள் பேசியது முதலில் கேசட்டில், பிறகு போனில். வெள்ளிக்கிழமை டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று பேசும் மூன்று நிமிஷத்தில் என்ன பேச முடியும்? நல்லா இருக்கியா, பிள்ளைங்க நல்லா இருக்கா, மழை பெஞ்சுதா, சரி வச்சிடறேன். அந்தப் பழக்கம் அப்படியே ஊறிப்போயிருந்தது. ஹாலில் உட்கார்ந்துகொண்டு அடுப்படியில் இருக்கும் மனைவியிடம், கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுபோலக் கத்துவார்.

“ஆமினா! நல்லா இருக்கியா!”

“நல்லா இருக்கேன்.”

அவ்வளவுதான், லைன் கட்டாகிவிடும். ஒரு நாள் பகல் சாப்பாட்டின்போது மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, “சரி, வச்சிடறேன்,” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஆமினா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

ஜூலையில் அவள்தான் பிடிவாதமாக ரத்தம் சோதிக்க அழைத்துப் போனாள். டாக்டர் பெரியநாயகசாமி கிளினிக்கை ஒட்டிய லேப். ரத்தம் கொடுத்தது அவர். ரிசல்ட் வாங்கப் போனது ஆமினா. அவருக்குப் பயம். ஷார்ஜாவில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பக்கீர் முகம்மதுக்குச் சர்க்கரையில் முதலில் கட்டைவிரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும். ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து அவனை வழியனுப்பியவர் மீரா உசேன்தான். அந்த நாற்காலியின் கைப்பிடி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

ஆமினா திரும்பி வந்து அவரை உட்காரச் சொன்னாள்.

“இருக்குங்க.”

“எவ்வளவு?”

“கொஞ்சம்தான். நம்பரெல்லாம் கேட்டு மனசைக் கெடுத்துக்காதீங்க. இப்ப மாத்திரை வேணாமாம். தினம் முக்கால் மணி நேரம் நடந்தாப் போதுமாம். ஆனா தனியா நடக்கக் கூடாதாம், தலை சுத்திட்டா? வீட்டு ஆளு கூட வரணுமாம். அப்புறம், பேசிக்கிட்டே நடக்கணுமாம்.”

“பேசிக்கிட்டேயா?”

“பேச்சு நின்னா மூச்சு வாங்குதுன்னு அர்த்தமாம். அதுலதான் அளவு தெரியுமாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அப்பவும் இருந்தா ஊசிதானாம்.”

மீரா உசேன் குனிந்து தன் இரண்டு பாதங்களையும் பார்த்தார். இரண்டும் அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தன. பார்த்த பிறகு இடது கட்டைவிரலில் ஏதோ மதமதப்பு தெரிவதுபோல் இருந்தது.

நடராசன் ஏற்றிக்கொண்டு போனது முதல் நாள். இரண்டாம் நாள் பால் வேன். மூன்றாம் நாள் யார் வீட்டு மாப்பிள்ளை என்றே தெரியாத ஒருவர், “ஏறுங்க மாமா” என்று கையைப் பிடித்து இழுத்தார். ஊரில் அப்போதுதான் ஆளுக்கு ஒரு வண்டி வந்திருந்தது. வாங்கிய வண்டியில் நாலு பேரை ஏற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருந்தது. எல்லோரும் அன்பானவர்கள். அதுதான் தொல்லை.

“ரோடு நமக்கு ஆவாது,” என்றார் அவர் நாலாம் நாள்.

“வாய்க்கால் கரையாப் போயிரலாம்,” என்றாள் ஆமினா. “நம்ம பார்க்குக்குப் பின்னால ஏறினா நேரா ஆலங்கரைதான். நடுவுல குளம் வரும், தோப்பு வரும். அந்தக் கரையில வண்டி வராது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“தெரியும்.”

வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவளுக்கு இந்த வழி எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

நல்ல வழிதான். நூர் நகரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஒரு போர்டும், பலகை இல்லாத ஊஞ்சல் கம்பியும், ஏழெட்டு ஆடுகளும் இருந்தன. அதைத் தாண்டி மேட்டில் ஏறினால் வாய்க்கால் கரை. இருபுறமும் நாற்றங்கால் பச்சை. அரை மணி நேரத்தில் குளக்கரை, கரையில் ஒரு பெரிய நாவல் மரம். பிறகு தென்னந்தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில் ஆலங்கரைப் பேரூராட்சிப் பூங்கா. அங்கே ஒவ்வொரு சிமெண்டுப் பெஞ்சிலும் உட்காருகிற இடத்தைவிட உபயம் செய்தவர் பெயர் பெரிதாக இருந்தது.

முதல் நாள் இருவரும் கரையில் தனியாக நடந்தார்கள்.

“பேசுங்க,” என்றாள் ஆமினா.

“என்ன பேச?”

“எதுவாச்சும்.”

மீரா உசேன் சுற்றிலும் பார்த்தார். “அங்க ஒரு மாடு நிக்குது.”

“ஆமா. நிக்குது.”

அதோடு தீர்ந்தது. நூறடிக்குப் பிறகு, “கொக்கு,” என்றார். “ஆமா,” என்றாள். நாவல் மரத்தருகே வந்ததும் அவள் நடை மெதுவானது. ஏதோ கேட்கப்போகிறவள்போல அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மூச்சு வாங்குதா?” என்றார் அவர்.

“இல்ல,” என்று நடையைக் கட்டினாள்.

இப்படியே இன்னும் இரண்டு மூன்று நாள் போயிருந்தால் மாட்டையும் கொக்கையும் தாண்டி வேறு விஷயங்களுக்கு வந்திருப்பார்கள். அதற்குள் நீலாம்பாள் வந்துவிட்டார். வாய்க்காலை ஒட்டி மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம் வைத்திருக்கிற அம்மாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறித்தார்.

“பாய், நாலு நாளாப் பாக்குறேன். நீங்களும் பாத்துப் பாத்துப் போறீங்க. புடிச்சிருந்தா வாங்கிப்புடுங்க. சும்மா பாத்துக்கிட்டே இருந்தா நிலத்துக்குக் கண்ணு பட்டுடும்.”

“நான் நிலம் வாங்க வரலைம்மா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நூர் நகர் போட்டவுகளும் இப்படித்தான் ஆறு மாசம் காத்து வாங்க வந்தாக.”

வெளிநாட்டிலிருந்து வந்தவர் காலை வேளையில் வயல் கரையில் நின்று அங்கும் இங்கும் பார்க்கிறார் என்றால், அந்த வருஷத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. மறுநாள் கரையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அதற்கு மறுநாள் எட்டுப் பேர். ஒருவர் பட்டா நகலை நீட்டினார், இன்னொருவர் சர்வே வரைபடத்தை மண்ணில் விரித்து நாலு கல் வைத்தார். “வந்து மண்ணைப் பாருங்க பாய்” என்று அவரைச் சேற்றில் இறக்கிவிட்டார்கள். ஆமினா கரையிலேயே நின்றாள். அவர் முழங்கால் சேற்றோடு திரும்பி வந்தபோது முக்கால் மணி நேரம் முடிந்திருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மீரா உசேன் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“எனக்குச் சுகர். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். அவ்வளவுதான்.”

நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அடக் கடவுளே. இந்த உடம்போடயா சேத்துல இறக்கினோம்?”

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஆவாரம்பூ வந்தது, பாகற்காய் வந்தது, பெயர் தெரியாத ஒரு கசப்புப் பட்டை வந்தது. ஆமினா எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். கஷாயத்தை மட்டும் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினாள்.

“ஏன் ஊத்துறே?”

“டாக்டர் கஷாயம் குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“டீயில சர்க்கரை போட்டிருக்கியே?”

“ஒரு ஸ்பூன் போடலாமாம்.”

நல்ல டாக்டர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வாசலில் ஆம்னி வேன் நின்றது. எதிர் வீட்டு அஹமது கபீர். எதையும் பாதியில் விடாத மனுஷர்; மீரா உசேனை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றும் ஆமினாவை அக்கா முறையில் ‘லாத்தா’ என்றும் கூப்பிடுகிறவர்.

“காக்கா, ஏறுங்க.”

“கபீர், நான் நடக்கணும்பா.”

“நடங்க காக்கா, யாரு வேணாம்னா? சீக்காளியை வீட்லேருந்து நடக்க விடுறதாவது. நடக்கற இடம் வரைக்கும் நான் கொண்டு போய் விடுறேன். லாத்தா, நீங்களும் ஏறுங்க.”

பூங்கா வீட்டிலிருந்து இருநூறு அடி. அங்கே வேனில் போய் இறங்கினால், கபீருக்குத் தெரிந்த சர்க்கரைக்காரர்கள் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். அதுவரைக்கும் வெளியே சொல்லாமல் இருந்தவர்கள். ஒருத்தர் துணிந்து சொல்லிவிட்டதும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் பதினேழு ஆண்கள், பதினோரு பெண்கள். நீலாம்பாளும் சேர்ந்துகொண்டார். “சுகரெல்லாம் நமக்கில்லை, பேச்சுத் துணைக்கு வர்றேன்” என்றார். நடராசன் வண்டியைப் பூங்காவில் நிறுத்திவிட்டு நடந்தார். கபீர் எல்லோருக்கும் முன்னால் போய், ஆலங்கரைப் பூங்காவில் ஒரு பெஞ்சை இந்தக் கூட்டத்தின் பெயரில் போடலாமா என்று யோசனை கேட்டார்.

யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆனாலும் முதல் நாளே ஆண்கள் முன்னாலும் பெண்கள் பின்னாலும் ஆகிவிட்டார்கள். மீரா உசேன் நடுநடுவே திரும்பிப் பார்ப்பார். கரையின் வளைவில், பதினோரு பெண்களுக்கு மத்தியில், ஒரு வெள்ளைத் துப்பட்டி. நாவல் மரத்தருகே அது மட்டும் நின்றுவிடும். மற்ற பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அவருக்குத் திரும்பிப் போக வேண்டும் போல இருக்கும். அதற்குள் யாராவது தோளில் கை போட்டு, “துபாய்ல பேரீச்சம்பழம் எப்படி?” என்று கேட்பார்கள். ஷார்ஜா என்று திருத்தவும் அவருக்கு அலுப்பாக இருந்தது.

ஷார்ஜாவிலும் இப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பூங்காவில் நாற்பது ஆண்கள் சேர்ந்து நடப்பார்கள். அங்கே திரும்பிப் பார்த்தால் ஆமினா இருக்க மாட்டாள். இங்கே இருந்தாள். ஆனாலும் எட்டவில்லை.

ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் சொல்லியே விட்டார். “ஆமினா, உன்கூட நடக்கையில ஒரு வார்த்தை பேசி ரெண்டு மாசம் ஆச்சு.”

“ஆமா.”

“இப்படி நடந்தா சுகர் குறையுமா?”

ஆமினா கொஞ்சம் யோசித்தாள். “டாக்டர் வீட்டு ஆளுகூடப் பேசச் சொன்னாரு. ஊருகூடப் பேசினா எப்படி இறங்கும்?”

மீரா உசேன் காலண்டர் முன்னால் போய் நின்றார். நாளை எண்ணிப் பார்த்தார். மறு சோதனைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

கபீரிடம் நடைக்கு வரவில்லை என்று சொல்லிப் பார்த்தார். சுகர் முற்றிவிட்டதோ என்று பதினேழு பேரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சாயங்காலம் போகலாம் என்று நேரத்தை மாற்றினார். கூட்டமும் நேரத்தை மாற்றிக்கொண்டது. பிரார்த்தனை செய்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. செய்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். வயலும் வரப்பும் ஒன்றாகிவிட்டன. பூங்காவுக்கு ஒருவரும் வரவில்லை. கபீரின் வேன் அசையவில்லை. நாலாம் நாள் காலை மீரா உசேன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பார்த்தார். அதை அவர் அங்கே வெயிலுக்குத்தான் பிடித்திருக்கிறார்.

“ஆமினா, வா.”

“இந்த மழையிலயா?”

“ஆமா. யாரும் வரமாட்டாங்க.”

அவள் அடுப்பை அணைத்தாள். துப்பட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆனாலும் நூர் நகர் முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு வந்து நின்றது. தலையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு நடராசன்.

“பாய்! ஏறுங்க! என்னா மழை, இப்படி நனையறீங்களே!”

மீரா உசேன் குடைக்குள்ளிருந்து நடராசனைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற ஆமினாவைப் பார்த்தார்.

“இல்ல நடராசன். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போறோம்.”

நடராசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வாடவில்லை.

“அப்படியா? இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் பாய் நிறுத்தப் போறேன்?” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வாய்க்கால் கரையில் வேறு யாருமே இல்லை. ஒரே குடை என்பதால் இருவரும் ஒட்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. மழைச் சத்தத்தில் கத்திப் பேசினால்தான் கேட்கும். அது அவருக்குப் பழக்கமானதுதான். ஆனால் அன்றைக்கு ஏனோ மெதுவாகப் பேசினார். அவள் காதைக் கொண்டுவந்து கேட்டாள். பக்கீர் முகம்மதின் காலைப் பற்றிச் சொன்னார். இரவில் தன் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வதைச் சொன்னார். ஆமினா கேட்டுக்கொண்டே வந்தாள். இடையில் ஒரு தடவை, ஏதோ குற்றம் செய்தவள்போல அவர் கையைப் பிடித்தாள்.

நாவல் மரம் வந்தது. ஆமினா நின்றாள்.

“மூச்சு வாங்குதா?”

“இல்ல. ஒண்ணு கேக்கணும். அந்தக் கேசட்டை முழுசாக் கேட்டீங்களா?”

எந்தக் கேசட் என்று அவள் சொல்லவில்லை. அவள் அனுப்பியது நூறு கேசட்டாவது இருக்கும். எந்தக் கேசட் என்று அவரும் கேட்கவில்லை.

எண்பத்து நாலில் வந்த கேசட். அவர்களுடைய மூன்றாவது பிள்ளை ஜெமீலா ஒன்றரை வயசில் காய்ச்சலில் போனபோது வந்தது. பதில் கேசட்டில் ‘கேட்டேன்’ என்றுதான் சொல்லியிருந்தார். இப்போதும் வாயில் அதுதான் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“இல்ல,” என்றார். “‘வாய்க்கால் கரையோட தூக்கிட்டுப் போனேன்’னு சொன்னியே, அதோட நிறுத்திட்டேன். ரூம்ல எட்டுப் பேரு இருந்தாங்க. அப்புறம் தனியா இருக்கும்போதும் போட முடியலை. பொட்டியிலதான் இருக்கு.”

“தெரியும்.”

“எப்படி?”

“கேட்டிருந்தா, அந்த லீவுக்கு வந்ததுமே என்னை இங்க கூட்டிட்டு வந்திருப்பீங்க.”

மழை இலைகளில் தங்கித் தங்கிக் கொட்டியது. ஆமினா மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அன்னைக்கும் இதே மாதிரி மழை. மூணு நாளாக் காய்ச்சல். நம்ம ஊர்ல டாக்டர் இல்லை, வெளியூர் போயிருந்தாரு. பஸ்ஸும் ஓடலை. மாமியால நடக்க முடியாது. அப்சரையும் பர்வினையும் அவங்ககிட்ட விட்டுட்டு, விடிஞ்சதும் இவளைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஆலங்கரை சிஸ்டர்மார் ஆஸ்பத்திரிக்கு. இப்ப வீட்டுக்கு வீடு வண்டி. அன்னைக்கு ஒரு சைக்கிள் கூட வரலைங்க.”

“ஆமினா...”

“பேசிக்கிட்டே நடந்தேன். பேச்சை நிறுத்தினா அவ கண்ணை மூடிருவான்னு பயம். இந்த மரத்துக்கிட்ட வரும்போது, நான் பேசறதை அவ கேக்கலைன்னு தெரிஞ்சிருச்சு. ஆனாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் பேசிக்கிட்டேதான் போனேன். டாக்டர் சொல்லட்டும், நானாச் சொல்லக் கூடாதுன்னு.”

“என்ன பேசினே?”

“உங்களைப் பத்தித்தான். வாப்பா வருவாங்க, சாவி கொடுத்தா நடக்கற பொம்மை கொண்டு வருவாங்கன்னு.”

மீரா உசேன் குடையைக் கீழே விட்டுவிட்டார். அந்தப் பொம்மையை அவர் வாங்கியிருந்தார். கேசட் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், ஷார்ஜா கடைத்தெருவில். பிறகு அதை ஒரு பூங்காவில் யாரோ ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டு வந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயசு மனுஷர் குளக்கரையில் நின்று சிறு பிள்ளையாக அழுதார். அவளும் அழுதாள். பதினாலு வருஷம் இருவரும் தனித்தனியாக வைத்திருந்த அழுகை அது.

பிறகு நடந்தார்கள். தோப்பைக் கடந்து ஆலங்கரைப் பூங்காவில் யாருடைய பெயரோ எழுதிய ஈரப் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். திரும்பி வரும்போதும் பேச்சு நிற்கவில்லை. போக வர ஒன்றரை மணி நேர வழிக்கு அன்று நாலு மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து துவட்டிக்கொண்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, கால் மதமதப்பை அன்று முழுக்க நினைக்கவே இல்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தார். ரிசல்ட் சாயங்காலம்.

“நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்,” என்று ஆமினா துப்பட்டியை எடுத்தாள்.

“வேணாம். இந்தத் தடவை நானே போறேன். எதுவா இருந்தாலும் நானே பாத்துக்கறேன். இனிமே பயம் இல்லை.”

“எதுக்குங்க, மழை வேற...”

“ஊசின்னாலும் சரி, நாம நடக்கறதை மட்டும் நிறுத்தக் கூடாது. என்ன?”

ஆமினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு துப்பட்டியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு, “சரி, போயிட்டு வாங்க,” என்றாள். அவர் செருப்பை மாட்டும்வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லேபில் விண்ணரசி என்கிற பெண்தான் இருந்தாள். மூன்று மாசத்துக்கு முன்னால் அவருடைய விரலைப் பிடித்து முதல் ரத்தம் எடுத்தவள். பெயரைப் பார்த்துக் கவரை எடுத்து நீட்டினாள். மீரா உசேன் வாங்கவில்லை.

“நீயே படிச்சுச் சொல்லும்மா.”

“நார்மல் சார்.”

“நல்லாப் பாரு. மீரா உசேன், நூர் நகர்.”

“உங்களுதுதான் சார். சுத்தமா நார்மல்.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றி இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எதிரில் விண்ணரசிதான் இருந்தாள்.

“மூணு மாசம்மா. ஒரு நாள் விடலை. மாத்திரை இல்லை, மருந்து இல்லை, டாக்டர் சொன்ன மாதிரி பேசிக்கிட்டே நடந்தேன். எப்படி இறங்கியிருக்கு பாத்தியா!”

விண்ணரசி அவரைக் குழப்பத்தோடு பார்த்தாள். பழைய நோட்டை எடுத்து ஜூலைப் பக்கத்தைப் புரட்டி, அவர் பெயருக்கு நேரே விரலை வைத்தாள்.

“இறங்கறதுக்கு ஒண்ணும் இல்லையே சார், அன்னைக்கும் உங்களுக்கு நார்மல்தான்; அம்மாகிட்ட சொன்னேனே, அவங்ககூட ‘நல்லா இருக்கறவங்க ரெண்டு பேரு பேசிக்கிட்டே நடந்தா தப்பொண்ணும் இல்லையேம்மா’ன்னு கேட்டுட்டுத்தானே போனாங்க!”